யாருக்கும் தெரியாமல் ஒரு ஆபரேஷன்

(கடையநல்லூரில் பொதுமக்களிடையே மயக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களைப் பற்றி நம் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். "கடவுள் கொடுத்த மூக்குக்கு என்ன குறையாம்?" என்பார்கள். "கையில நாலு காசு சேர்ந்தா இப்படித்தான்" என்பார்கள். செய்யலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். குடும்பத்துக்கு எது சரி என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். மேசையில் படுத்திருப்பவர் எதற்காகப் படுத்திருந்தாலும், அவர் கண் விழிக்கிற வரைக்கும் அவருடைய மூச்சுக்கு நான் பொறுப்பு. அந்த இடத்தில் நின்றுதான் இன்றைக்குப் பேசுகிறேன்.

ஆனால் ஒன்று. இந்த ஆசை நேற்று முளைத்தது இல்லை. பாம்படம் போட்ட ஆச்சிகளை இந்தத் தென்காசிச் சீமையில் பார்க்காத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். சின்ன வயதிலேயே காதைக் குத்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, தோளைத் தொடும் அளவுக்கு வளர்த்த காதுகள். காலம் மாறியதும் அவர்களில் பலர் டாக்டரிடம் போய், தொங்கிய காதை வெட்டித் தைத்து, சின்னக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, சில தையல், அன்றைக்கே வீடு. அதுவும் அழகு சிகிச்சைதான். யாரும் அந்த ஆச்சிகளைக் கேலி செய்யவில்லை.

வேலூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக் காட்டினார். நோய் குணமாயிற்று, கையும் வேலை செய்தது. இருந்தும் ஊர்க்காரர்கள் குணமானவர்களைச் சேர்க்கவில்லை. உதிர்ந்த புருவமும் அமுங்கிய மூக்கும் பழைய நோயைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தன. அப்புறம்தான் அவரும் அவருடைய குழுவும் அமுங்கிய மூக்கைத் தூக்கி நிறுத்தினார்கள், தலைத் தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் வைத்தார்கள். ஒரு மனிதனுக்கு முகம் எவ்வளவு முக்கியம் என்று அந்தப் புருவங்களைக் கேட்டால் தெரியும். அதனால் முகத்துக்காகவும் உடம்புக்காகவும் ஆபரேஷன் தேடி வருகிறவர்களை நான் ஒருபோதும் இளக்காரமாகப் பார்த்ததில்லை.

என் கவலை வேறு. மற்ற ஆபரேஷனுக்கு வருகிறவரோடு ஊரே வரும். அப்பெண்டிக்ஸ் என்றால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று வராந்தா நிறைந்துவிடும். அழகு ஆபரேஷனுக்கு வருகிறவர் தனியாக வருகிறார், இல்லையென்றால் ஒரே ஒரு நண்பரோடு வருகிறார். வீட்டில் சொல்லவில்லை. ஊரில் தெரியக்கூடாது. இந்த ஒளிவுமறைவு அப்படியே என்னிடமும் தொடர்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதுக் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. பெற்றோருக்குச் சொல்லாமல் நண்பர்களோடு போயிருந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தத் தாய் தகப்பனின் அழுகையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள்.

இப்போது முழு மயக்கம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். "தூங்க வச்சிருவாங்க" என்று நாம் சொல்கிறோம். தூங்குகிறவரைத் தட்டினால் எழுந்துவிடுவார், தொண்டையில் எச்சில் இறங்கினால் தானாக இருமுவார். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது. பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து நரம்பில் ஏறுகிறது. புரோபோஃபால் என்று பெயர். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் நினைவு போய்விடும். அடுத்து தசைகளைத் தளர்த்தும் மருந்து. அதற்குப் பிறகு அவரால் சொந்தமாக மூச்சுவிட முடியாது. தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் ஒரு டியூப் வைத்து, ஆக்சிஜனும் மயக்க வாயுவும் கலந்து நாங்கள்தான் மூச்சுக் கொடுக்கிறோம். விரலில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அதே ஆக்சிமீட்டர். ஜப்பானியரான டகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த முறை அது. மயக்க மருத்துவத்தில் அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. நகத்தில் பாலிஷ் இருந்தாலோ, விரல் நுனியில் கறுப்பு மெகந்தி அடர்த்தியாக இருந்தாலோ அந்தக் கிளிப் தடுமாறலாம். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நேராக ஆபரேஷனுக்கு வருகிற தங்கைகள் இதை நினைவில் வையுங்கள்.

வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணமும் இந்த மயக்கம்தான். வயிற்றில் உணவு இருந்தால் மேலே ஏறி வரும். இருமல் இல்லாததால் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அமெரிக்க மருத்துவர் மெண்டல்சன் 1946இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். பிரியாணி, பொரித்தது என்றால் 8 மணி நேரம். இட்லி மாதிரி லேசான உணவு என்றால் 6 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். நம் ஊரில் தகராறு எங்கே வரும் என்றால் டீயில். பால் சேர்ந்த டீ உணவுக் கணக்கு, 6 மணி நேரம்.

ஒரு தம்பி வந்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மார்பு பெண்களைப் போலப் பெருத்திருந்தது. பையன்களுக்கு வளரும் பருவத்தில் இது பரவலாக வருவதுதான். பலருக்குத் தானாகவே வற்றிவிடும், சிலருக்கு நின்றுவிடும். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டிருந்தான். குற்றாலத்துக்கு நண்பர்கள் கூப்பிட்டால் எதையாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்வானாம், அருவியில் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று. ஆபரேஷன் அன்று காலையில் கேட்டேன்.

"தம்பி, என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர்."

"டீ?"

"டீ மட்டும்தான்."

"டீயோட?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு ரஸ்க்" என்றான்.

மறுநாளைக்குத் தள்ளி வைக்கலாம் என்றேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. திருநெல்வேலியில் இன்டர்வியூ என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான், சாயங்காலம் திரும்பியாக வேண்டும். ஆபரேஷன் முடிந்த உடம்போடு, இறுக்கமான பனியன் உள்ளே இருக்க, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மா வைத்த குழம்பைச் சாப்பிடுவது அவனுடைய திட்டம். அவனிடமே போனை வாங்கி அவனுடைய அக்காவிடம் பேசினேன். அக்கா திட்டுவாள் என்று அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்டது, "டாக்டர், நாளைக்கு எத்தனை மணிக்கு நான் வரணும்?"

எத்தனை வீடுகளில் இப்படி ஒரு அக்கா இருக்கிறாள் என்று தெரியாமலே நம் பிள்ளைகள் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். அதைச் சடங்காக நினைக்காதீர்கள். வாயைத் திறக்கச் சொல்வோம், நாக்கை நீட்டச் சொல்வோம், கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்வோம். டியூப் வைக்கத் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பதற்காக. ஆடுகிற பல் உண்டா, கட்டிய பல் உண்டா என்று கேட்போம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, இரவில் பெரிதாகக் குறட்டை விடுவீர்களா என்று கேட்போம். குறட்டைக்குப் பதில் பக்கத்தில் படுக்கிறவருக்குத்தான் தெரியும், அதற்காகவாவது மனைவியையோ கணவரையோ கூட்டி வாருங்கள். பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்றும் கேட்போம். சிரிப்பார்கள். பஸ் ஒத்துக்கொள்ளாதவருக்கு மயக்கம் தெளிந்ததும் வாந்தி வர வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு இன்னும் அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்து வைக்கலாம்.

அடுத்த கேள்வி இந்த ஊருக்கு ரொம்ப முக்கியம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து நெடுநேரம் எழும்பாமல் இருந்தது உண்டா? தசையைத் தளர்த்த நாங்கள் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சில நிமிடங்களில் உடைத்துப் போடும் என்சைம் ஒன்று இரத்தத்தில் இருக்கிறது. சில பேருக்குப் பிறவியிலேயே அது குறைவு. ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு அவர்களுக்குப் பல மணி நேரம் ஆனாலும் திரும்பாது. இயந்திரத்தில் வைத்துக் காப்பாற்றிவிடலாம், ஆனால் தெரிந்திருந்தால் அந்த மருந்தையே தொட மாட்டோம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வருகிற குறை இது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் முடிக்கிற குடும்பங்களில் இப்படிப்பட்ட குறைகள் சேர்ந்து வர வாய்ப்பு கூடுதல். பெரியம்மாவுக்கு எப்போதோ நடந்த கதை என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குச் சொல்லாமல் வருகிற பிள்ளைக்கு அந்தக் கதை எப்படித் தெரியும்?

மருந்துகளுக்கு வருவோம். எதையும் விடாமல் சொல்ல வேண்டும், பையோடு கொண்டு வந்து மேசையில் கொட்டினாலும் சரி. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து, லேகியம், எல்லாமே கணக்கில் வரும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நாங்கள் சொல்கிறோம், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்குச் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாளைக்கு முன்பே நிறுத்தச் சொல்வோம். எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இப்போது பெருகிவிட்டன. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இந்த ஊசி போட்டவருக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும். முறைப்படி பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். "எடை எப்படிக் குறைந்தது?" என்று கேட்டதற்கு "வாக்கிங் போறேன்" என்று மட்டும் பதில் சொன்னால் எனக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொரு பக்கம் உடம்பு ஏறுவதற்கென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தன்னுடைய சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்திவிடும். மயக்கத்தில் திடீரென்று இரத்த அழுத்தம் விழும், காரணம் புரியாமல் நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். ஜிம்மில் போட்ட ஊசி, பவுடர், அதையும் சொல்லுங்கள். நான் உங்கள் அப்பாவிடம் சொல்லப் போவதில்லை.

புகை. பீடி, சிகரெட், வேப், வாயில் அடக்கும் புகையிலை, எல்லாமே. குறைந்தது நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் தொடக்கூடாது. வயிற்றுத் தோலை இழுத்துத் தைக்கும் ஆபரேஷனில் அந்தத் தோலுக்கு இரத்தம் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. நிகோடின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். தோல் கறுத்து அழுகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அழகுக்காக வந்தவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

எங்கே செய்வது என்பதில் ஏமாறாதீர்கள். 2016 மே மாதம் சென்னையில் 22 வயது இளைஞர் ஒருவர் தலையில் முடி நடப் போய் இறந்தார். அவரே மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் என்று பிறகு தெரியவந்தது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுவதற்கு வழிமுறைகளை வெளியிட்டு, முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் மருத்துவமனை நடத்த 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆபரேஷன் செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.ஆர்.என்.பி. முடித்தவரா? மயக்க டாக்டர் யார், நான் விழிக்கும் வரைக்கும் கூடவே இருப்பாரா? ஏதாவது ஆனால் ஐ.சி.யூ. எங்கே? கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கொழுப்பு எடுப்பதில் ஒரே நாளில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பது ஆபத்தானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "எல்லாத்தையும் ஒரே தடவையில முடிச்சிருவோம்" என்கிறவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

இனி ஆபரேஷனுக்குப் பிறகு. கண் விழிக்கும்போது நடுங்கும், தொண்டை கரகரக்கும், சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் சரியாகும். முதல் 24 மணி நேரம் பைக் ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது, தனியாக இருக்கக்கூடாது. தெளிந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றும். மருந்து இன்னும் முழுதாக இறங்கியிருக்காது.

நம் ஊர்க்காரர்கள் செய்கிற பெரிய தப்பு பயணம். சென்னையில் முதல் நாள் ஆபரேஷன், மறுநாள் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், இரவு முழுக்க காலை அசைக்காமல். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு கால் நரம்பில் இரத்தம் கட்டும் வாய்ப்பு இருக்கிறது; வயிற்றுத் தோல் ஆபரேஷனில் கூடுதலாகவே இருக்கிறது. கட்டிய இரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் உயிர் போகலாம். அதனால்தான் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கச் சொல்கிறோம், காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போடுகிறோம். எப்போது பயணம் செய்யலாம் என்று டாக்டர் தேதி சொல்லும் வரை அந்த ஊரிலேயே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் போட்டுத் தங்குங்கள். முப்பது நாள் லீவில் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற தம்பிகளே, ஆபரேஷன் செய்வதாக இருந்தால் லீவின் முதல் வாரத்தில் செய்யுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணத்துக்கு முந்தின மாதமும் வேண்டாம். மூக்கின் வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடம்கூட ஆகும். தழும்பு நிறம் மாறி அடங்கவும் அதே அளவு காலம் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கிவிடும். "தண்ணி குடிச்சா புண் சீழ் வைக்கும்", "முட்டை, மீன் ஆகாது" என்பார்கள். பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் சரியில்லை. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், தண்ணீர் வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் கொடுங்கள். இதனால்தான் நோன்பு நோற்கும் ரமலான் மாதத்தை ஒட்டி, தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனை வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். பெருநாள் முடிந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

மூக்கு ஆபரேஷன் செய்தவர்கள் முதல் இரண்டு வாரம் தலை குனியக்கூடாது. வீக்கமும் இரத்தக் கசிவும் கூடும். தொழுகையில் சஜ்தா செய்யும்போது மூக்கு தரையில் படும். நோயாளி உட்கார்ந்து சைகையால் தொழுவதற்கு மார்க்கத்தில் சலுகை இருப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை நாள் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல "எப்போ அருவியில குளிக்கலாம்?" என்று நம் பக்கத்து ஆள் கேட்காமல் போகமாட்டார். ஐந்தருவி ஆகட்டும், மெயின் அருவி ஆகட்டும், அந்தத் தண்ணீர் விழுகிற அடிக்குப் புதிய மூக்கும் தாங்காது, புதிதாக ஒட்டிய தோலும் தாங்காது. ஆறு வாரத்துக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், அதற்குப் பிறகும் டாக்டர் அனுமதித்தால்தான். கொழுப்பு, வயிறு, மார்பு ஆபரேஷன் செய்தவர்கள் உள்ளே போடும் இறுக்கமான உடை நம் ஊர் வெயிலில் கொடுமைதான், தெரியும். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட இரண்டு வாங்கி வையுங்கள்.

முதல் வாரத்தில் மனசு விழும். கண்ணாடியில் பார்த்தால் வீங்கிய, கன்றிய முகம். "ஏண்டா செய்தோம்" என்று தோன்றும். இது அனேகமாக எல்லோருக்கும் வருவது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். அந்த நாட்களில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பேசினால் போதும். அதற்கு அந்த ஒரு ஆளுக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தாய்மார்களே, பிள்ளை சொன்னதும் அடிக்க வராதீர்கள். திட்டுவதாக இருந்தால் ஆறு வாரம் கழித்துத் திட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தால், திடீரென்று மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், காய்ச்சலோடு புண் சிவந்து சூடாக இருந்தால், வாந்தி நிற்காமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108க்கு அடியுங்கள். தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், அங்கே இருக்கும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "இன்ன ஆபரேஷன், இத்தனை நாள் ஆச்சு, முழு மயக்கம் கொடுத்தாங்க" என்று சொல்லுங்கள். வாசலில் சொந்தக்காரர்கள் நின்றாலும் சத்தமாகவே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதை அவரிடம் கொடுங்கள்.